கூனன்பாறையில் ஒன்பது மில்லிமீட்டர்

சங்கிலிபூதத்தானுக்கு நாற்பத்தொன்பது வயது. பத்தமடைக்குத் தெற்கே, ஆற்றுப்பாசன வயல்கள் முடிந்து பொட்டல் தொடங்குகிற இடத்தில் கொம்பன்பொட்டல் என்ற ஊரில் இருக்கிறார். பதினாறு வயதிலிருந்து முப்பத்தேழு வயது வரை கல்குவாரியில் வேலை பார்த்தார். வெடி வைக்கக் குழி போடுவது ஒரு வேலை. வெடித்த பிறகு மேலே தொங்கிக்கொண்டிருக்கும் கற்களைத் தட்டி இறக்குவது இன்னொரு வேலை. இரண்டாவது வேலைக்குக் காது வேண்டும். சம்மட்டியால் தட்டினால் மலையோடு ஒட்டிய கல் கணீரென்று கேட்கும். விட்டுப்போன கல் பொத்தென்று கேட்கும். பொத்தென்ற கல்லுக்குக் கீழே நின்ற இரண்டு பேரை அவர் தூக்கிக்கொண்டு ஓடியிருக்கிறார். ஒருவர் பிழைத்தார்.

பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன்பு குவாரி மூடிக் கிடந்த ஒரு மாதத்தில் ஊருக்கு மேற்கே கூனன்பாறைக்கு ஜீப்பில் நான்கு பேர் வந்தார்கள். பாறை உச்சியில் ஒரு கல்லின் மேல் சிவப்புப் பெயின்டால் பெருக்கல் குறி போட்டார்கள். வேலை இல்லாமல் அங்கே உட்கார்ந்திருந்த சங்கிலிபூதத்தான் கிட்டே போய்ப் பார்த்தார்.

“சார், அது பாறை இல்ல. கல்லு.”

நால்வரில் மூத்தவர் மகாராஜன். பூமியின் நகர்வை அளக்கும் ஒரு ஆராய்ச்சி நிறுவனத்தில் அதிகாரி. அவர் சிரித்தார். “ரெண்டுக்கும் என்ன வித்தியாசம்?”

“பாறைன்னா மொளச்சிருக்கும். இது வந்து ஒக்காந்துருக்கு.”

பெருக்கல் குறி போட்ட கல் ஒரு வீட்டின் அகலம் இருந்தது. வந்து உட்கார்ந்தது என்று யாரும் நம்ப மாட்டார்கள். சங்கிலிபூதத்தான் வீட்டுக்குப் போய்ச் சம்மட்டியை எடுத்து வந்தார். அந்தக் கல்லில் ஒரு தட்டு, முப்பதடி தள்ளி வேறொரு இடத்தில் ஒரு தட்டு. அவர்களுக்கு இரண்டும் ஒன்றாகத்தான் கேட்டது. ஆனாலும் குறி போட்ட இடத்தில் துளை போட்டுப் பார்த்தார்கள். ஐந்தாவது அடியில் துளைக்கருவி சரேலென்று இறங்கியது. கல்லுக்கும் பாறைக்கும் நடுவே ஒரு சாண் மண் இருந்தது.

முப்பதடி தள்ளியே அளவுக் கருவிக்கான தூணைக் கட்டினார்கள். பாறைக்குள் ஆறடிக்கு எஃகுக் கம்பிகள் இறக்கி, மேலே மார்பளவு உயரத்துக்குக் கான்கிரீட் தூண். தூணின் தலையில் தடித்த திருகாணி. அதன் மேல் சுற்றி இறக்கிய ஆன்டெனா, கவிழ்த்த வெள்ளைச் சட்டி போல. பக்கத்தில் சோலார் பேனல், ஒரு இரும்புப் பெட்டி. தூணைச் சுற்றிப் பாறையில் மூன்று எஃகுக் குமிழ்களைப் பதித்தார்கள். தூண் பாறையோடு சேர்ந்து நிற்கிறதா என்று ஆண்டுக்கு ஒருமுறை, தை மாதத்தில், அந்தக் குமிழ்களிலிருந்து அளந்து பார்ப்பார்கள்.

பார்த்துக்கொள்ள ஆள் வேண்டியிருந்தது. மகாராஜன் வேறு யாரையும் கேட்கவில்லை. இரண்டே விதிகள் சொன்னார். தூணைத் தொடக் கூடாது. எது நடந்தாலும் நோட்டில் எழுத வேண்டும்.

சங்கிலிபூதத்தான் எழுதினார். ‘ஆடு வந்தது. விரட்டினேன்.’ ‘மழை. பேனல் துடைத்தேன்.’ ‘மயில் சட்டி மேல் உட்கார்ந்தது. பத்து நிமிடம்.’ அந்தப் பத்து நிமிடம் அங்கே கணினியில் தெரிந்தது என்று நிறுவனத்திலிருந்து ஃபோனில் சொன்னார்கள். அதிலிருந்து அவர் அந்தச் சட்டிக்கு முன்னால் கொஞ்சம் ஒழுங்காகவே நடந்துகொண்டார். அதன் பக்கத்தில் நின்று பீடி குடிப்பதில்லை.

இந்தியா முழுவதையும் தாங்கிய நிலத்தட்டு வடகிழக்காகப் போய்க்கொண்டிருக்கிறது. ஆண்டுக்கு ஐந்து சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் கூடுதல். தூண் கட்டியதிலிருந்து கூனன்பாறை இரண்டடிக்கு மேல் போயிருக்கிறது. செயற்கைக்கோள்களிலிருந்து வரும் சமிக்ஞையை ஆன்டெனா வாங்குகிறது. அதை வைத்துத் தூண் இருக்கும் இடத்தைத் தினமும் சில மில்லிமீட்டருக்குள் கணக்கிடுகிறார்கள். இது ஊருக்குத் தெரிந்ததும், மாடன் கோயில் கொடைத் திருவிழாக் கமிட்டித் தலைவர் ஐயம்பெருமாள் டீக்கடையில் அவரைப் பிடித்துக்கொண்டார்.

“வே சங்கிலி, ஒம்ம பாறை இன்னைக்கு எங்க வரைக்கும் போயிருக்கு? பாளையங்கோட்டை போய்ச் சேந்துட்டா?”

“பாளையங்கோட்டையும் சேந்துல்லா போவுது. எப்படிச் சேரும்?”

“அப்ப எல்லாரும் போறோம், ஒருத்தரும் போய்ச் சேர மாட்டோம். இதுக்கு ஒரு ஆபீசு, ஒரு ஜீப்பு, நீரு ஒரு காவக்காரரு.”

கடையில் எல்லாரும் சிரித்தார்கள். சங்கிலிபூதத்தானும் சிரித்தார். ஆனால் பாறையைத் தேர்ந்தெடுத்தது தானே என்ற எண்ணம் அவருக்கு உண்டு. தூணைப் பார்க்க வரும் ஒவ்வொரு குழுவிடமும் யாராவது அதைச் சொல்வார்கள். இவர்தான் தட்டிப் பார்த்துச் சொன்னவர். அவர் முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொள்வார், கேட்காதது போல.

இந்த ஆண்டு சித்திரையில் ஒரு சனிக்கிழமை கோடை மழையோடு மின்னல் இறங்கியது. பெட்டிக்குள் ஏதோ கருகிவிட்டது. புது உதிரி வரப் பத்துப் பதினோரு நாளாகும் என்றார்கள். ‘மின்னல். மெஷின் ஓடவில்லை’ என்று எழுதினார். மறுநாள் ‘ஓடவில்லை’. அதற்கு மறுநாளும் ‘ஓடவில்லை’.

அந்தச் செவ்வாய்க்கிழமை கோயிலில் கால்நாட்டு, கொடைக்குப் பந்தக்கால் நடும் நாள். எட்டாம் நாள் கொடை. கால்நாட்டு அன்று எல்லாப் பீடங்களுக்கும் சுண்ணாம்பு அடித்துவிடுவார்கள். கோயில் பாறையின் அடிவாரத்தில் இருக்கிறது. மாடனுக்கும் மற்றத் தெய்வங்களுக்குமாக ஏழு பீடங்கள். ஆளுயரத்துக்குச் செங்கல்லில் கட்டி மேலே கூராக முடிந்தவை. அங்கே நின்று நிமிர்ந்து பார்த்தால் உச்சியில் தூண் தெரியும். மழையிலும் தூசியிலும் கறுத்து, ஓரங்களில் துருநீர் வடிந்த தூண்.

“ஏழு சுத்தமா இருக்கு, எட்டாவது மட்டும் அழுக்கா நிக்கி,” என்றார் ஐயம்பெருமாள்.

“அது பீடமில்ல வே.”

“கொடைக்கு வாரவனுக்கு அது தெரியுமா? பாறையில கட்டி நிக்கி, வெள்ளையா தலை இருக்கு. போன வருசம் மேலப்பட்டிக்காரி ஒருத்தி ஏறிப் போயி எலுமிச்சம்பழம் வச்சுட்டு வந்தா. நீருதான் நோட்டுல எழுதுனீரு.”

அதுவும் உண்மைதான். சங்கிலிபூதத்தான் ஒரு வாளிச் சுண்ணாம்போடு மேலே ஏறினார். மெஷின் ஓடவில்லை. தூங்குகிற ஆளின் முகத்தைத் துடைப்பது போல என்று நினைத்துக்கொண்டார். தூணுக்கு அடித்து முடித்ததும் சட்டியின் கீழே துருவைச் சுரண்டப் போனார். கை பட்டதும் சட்டி லேசாகத் திரும்பியது. ஆட்டம் இருந்தது. மின்னலாக இருக்கலாம்.

நிறுவனத்துக்கு ஃபோன் செய்திருக்க வேண்டும். அவர் கீழே இறங்கி ஐயம்பெருமாளிடம் போனார். கோயிலில் அந்த ஆண்டு ஒரு பீடத்தைப் பெயர்த்துப் புதிதாகக் கட்டியிருந்தார்கள். புதிதாகக் கட்டும்போது அடியில் செப்புத் தகடு வைப்பார்கள். வைத்தால்தான் நிலை நிற்கும். ஒன்றுக்கு இரண்டாகச் செய்து வாங்கியதில் ஒன்று மீதி கிடந்தது. அதை வாங்கினார். குவாரிப் பழக்கத்தில் நடுவே துல்லியமாகத் துளை போட்டார். சட்டியைச் சுற்றிக் கழற்றி, திருகாணியில் தகட்டைக் கோத்து, சுண்ணாம்பும் சிமென்டும் குழைத்த சாந்தை அடியில் பரப்பி, சட்டியைத் திரும்ப இறக்கி இறுக்கினார். ஆட்டம் நின்றது. மொத்தம் முக்கால் மணி நேரம்.

அன்றைக்கு நோட்டில் ‘ஓடவில்லை’ என்று மட்டும் எழுதினார். வேறு எழுதத் தோன்றவில்லை என்பது பாதி. தகடு வைத்தேன் என்று எழுதினால் படித்தவர்கள் சிரிப்பார்கள் என்பது மீதி.

வெள்ளிக்கிழமை மதியம் நிலம் லேசாக அதிர்ந்தது. அவர் மனைவி சந்தனமாரியின் மடியில் பீடித் தட்டில் புகையிலைத் தூள் நடுங்கியது. மலையடிவாரத்து ஊர்கள் சிலவற்றிலும் பாத்திரங்கள் ஆடின. சேதம் ஒன்றுமில்லை. மறுநாள் பேப்பரில் நான்கு வரி வந்தது. கொடை முடிந்த மறுநாள், புதன்கிழமை, ஒரு டெக்னீசியன் வந்து புது உதிரியை மாட்டினான். தூண் வெள்ளையாக இருப்பதைப் பார்த்து நல்லா இருக்கு என்று சொல்லிவிட்டுப் போனான்.

ஆவணியில் வினோலியா வந்தாள். மகாராஜனின் கீழ் ஆராய்ச்சி செய்பவள், இருபத்தொன்பது வயது. தூத்துக்குடிக்காரி, அப்பா துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறார். இதற்கு முன் மூன்று தடவை வந்திருக்கிறாள். பாறைக்கு ஏறி வந்ததும் வராததுமாக மடிக்கணினியைத் திறந்து சங்கிலிபூதத்தானைக் கூப்பிட்டாள்.

“அண்ணாச்சி, இங்கன வாங்க. இதப் பாருங்க. ஒரு நாளைக்கு ஒரு புள்ளி. பதினோரு வருசமா தூணோட உயரம் இது. மழைக்காலத்துல கொஞ்சம் எறங்கும், வெயில்ல கொஞ்சம் ஏறும், மத்தபடி நேரா ஒரு கோடு. இங்கன சித்திரையில ஒரு காலியிடம். மெஷின் நின்ன பதினோரு நாள். அதுக்கப்புறம் பாருங்க.”

காலியிடத்துக்குப் பிறகு புள்ளிகள் ஒரு படி மேலே போய் அங்கிருந்து மறுபடி நேராக ஓடின.

“ஒன்பது மில்லிமீட்டர். நடுவுல என்ன நடந்துச்சு? அந்த வெள்ளிக்கெழமை நில அதிர்வு. அண்ணாச்சி, ஒங்க பாறை அசைஞ்சிருக்கு.”

“பாறையா?”

“பாறைதான். இந்தப் பள்ளத்தாக்குல ஒரு பழைய பிளவு இருக்குன்னு ரொம்ப நாளாச் சொல்லுதாங்க. அது செத்துப் போச்சுன்னுதான் எல்லாரும் நெனைச்சது. இது உண்மைன்னா அது சாகல. பத்து நாள்ல ஐதராபாத்துல மீட்டிங். நான் சொல்லப் போறேன்.” அவள் நோட்டைப் புரட்டினாள். “நீங்க மயில் ஒக்காந்ததக்கூட எழுதுற ஆளு. அந்தப் பதினோரு நாள்ல வேற ஒண்ணும் இல்ல. யாரும் தொடலதான?”

“இங்கன யாரு வாரா, தொட?” என்றார் சங்கிலிபூதத்தான்.

அவள் அதை இல்லை என்று எடுத்துக்கொண்டாள்.

மதியம் பேனல் நிழலில் உட்கார்ந்து கொண்டுவந்த எலுமிச்சைச் சாதத்தைச் சாப்பிட்டார்கள். அவள் உற்சாகமாக இருந்தாள். கேட்காமலே பேசினாள்.

“மொதல்ல கண்டம் நகருதுன்னு ஊரறியச் சொன்ன ஆளு ஒரு ஜெர்மன்காரரு. வேகனர்னு பேரு. நூறு வருசத்துக்கு மேல ஆச்சு. அவரு பாறை படிச்சவருகூட இல்ல, வானிலை பாக்குற ஆளு. ஆப்பிரிக்காக் கரையும் தென்னமெரிக்காக் கரையும் கிழிச்ச காகிதம் மாதிரி பொருந்துது, அங்க உள்ள பாறைதான் இங்கயும் இருக்கு, அங்க செத்த பிராணியோட எலும்புதான் இங்கயும் கெடக்குன்னு காட்டுனாரு. ஒருத்தரும் நம்பல.”

“ஏன்?”

“இம்மாம் பெரிய நெலத்தத் தள்ளுறது எதுன்னு கேட்டாங்க. அவரால சொல்ல முடியல. அது மட்டுமில்ல. கிரீன்லாந்து நகருறத அளந்தாச்சுன்னு ஒரு கணக்குக் காட்டுனாரு. நிலாவையும் கடிகாரத்தையும் வச்சு அளந்தது. வருசத்துக்குப் பத்து மீட்டர், முப்பது மீட்டர்னு வந்துச்சு. உண்மையில ரெண்டு சென்டிமீட்டர் கிட்டதான்.”

“பொய் சொன்னாரா?”

“பொய் இல்ல அண்ணாச்சி. அளந்தவங்க தப்பா அளந்தாங்க, இவரு நம்பிட்டாரு. கண்டம் நகருதுங்கறது சரி. அளவு தப்பு. தப்பான அளவக் காட்டுனா சரியான விஷயத்தையும் சேத்துச் சந்தேகப்படுவாங்கள்லா? அவரு கிரீன்லாந்து பனியிலயே செத்துப் போனாரு. அதுக்கப்புறம் முப்பது வருசம் அந்தப் பேச்ச எடுத்தாலே சிரிப்பாங்க.”

சங்கிலிபூதத்தான் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தார்.

பிறகு எப்படித் தெரிந்தது என்பதையும் அவள் சொன்னாள். கடலின் அடியைக் கப்பல்கள் அளந்தபோது கடல் நடுவே ஆயிரக்கணக்கான மைலுக்கு ஒரு மலைத்தொடர் ஓடுவது தெரிந்தது. அதன் இரண்டு பக்கமும் பாறையில் காந்தத்தின் திசை பட்டை பட்டையாக மாறி மாறி இருந்தது. இடப்பக்கப் பட்டைகளும் வலப்பக்கப் பட்டைகளும் ஒன்றுக்கொன்று கண்ணாடியில் பார்த்தது போல. உருகிய பாறை நடுவில் எழும்பி, உறைந்து, இரண்டு பக்கமும் விலகிப் போகிறது என்றால்தான் அப்படி இருக்க முடியும். நிலநடுக்கங்கள் நடந்த இடங்களை வரைபடத்தில் குறித்தபோது அவை கோடுகளாக ஓடின. அந்தக் கோடுகள்தான் தட்டுகளின் விளிம்புகள். எல்லாம் பாறையிலிருந்து கணக்கிட்ட முடிவுகள். தட்டு போவதை நேராக அளந்தது அதற்கும் இருபது ஆண்டுகள் கழித்து, வானத்திலிருந்து வரும் சமிக்ஞைகளை வைத்து.

“இப்ப உலகம் பூரா தூண் நிக்குது. யாரு வேணும்னாலும் இந்தப் புள்ளிய எடுத்துப் பாக்கலாம். ஜப்பான்ல இருக்கவன் கூனன்பாறையப் பாப்பான். நம்பித்தான் பாப்பான்.”

அவள் பத்தமடையில் அறை எடுத்திருந்தாள். மறுநாள் காலையில் வந்து படங்கள் எடுப்பதாகச் சொல்லிவிட்டுப் போனாள்.

சந்தனமாரி வாசலில் உட்கார்ந்து பீடிக் கட்டுகளுக்கு நூல் சுற்றிக்கொண்டிருந்தாள். அவர் வந்து பக்கத்தில் உட்கார்ந்ததும் நிமிர்ந்து பார்த்தாள்.

“என்ன, மொகம் இப்படி இருக்கு? அந்தப் பிள்ள ஏசிட்டாளா?”

“ஏசல. பாறை அசைஞ்சிட்டுங்கா.”

“அசைஞ்சா அசைஞ்சிட்டுப் போவுது. நம்ம வீட்டுக்கு என்ன?”

“ஏளா, அது அசையல. நான் தகடு வச்சேன்லா.”

அவள் கை நின்றது. தகடு வைத்தது அவளுக்குத் தெரியும். கொடைக்குள் செய்து முடித்தது நல்லது என்று அவளும் சொல்லியிருந்தாள்.

“அதச் சொல்லப் போறியளா?”

“சொல்லணும்லா.”

“தொடாதன்னு சொன்னதத் தொட்டிருக்கிய. எழுதுன்னு சொன்னத எழுதல. சொன்னா வேல நிக்குமா? பன்னெண்டு வருசம். திரும்ப அந்தக் குவாரிக்குப் போவியளா, இந்த வயசுல?”

அவர் தரையில் கிடந்த நூல்கண்டை எடுத்து அவள் பக்கம் வைத்தார்.

“அந்தப் பிள்ளைக்கு என்ன நட்டம்?” என்றாள் சந்தனமாரி. “அவ சந்தோசமாத்தான போறா. தை மாசம் வந்து அளப்பாவன்னு சொல்லுவியள்லா, அப்பத் தெரிஞ்சிட்டுப் போவுது.”

“தை மாசத்துக்குள்ள ஐதராபாத்துல சொல்லிருவா. அப்புறம் இல்லன்னு ஆனா அவளத்தான் கேப்பாவ.” விரலை மடக்கியபடி, “இன்னொண்ணும் இருக்கு,” என்றார். “தகடு ரெண்டு மில்லி. சாந்து ரெண்டு, மூணு இருக்கும். அஞ்சுதான் ஆவுது. அவ ஒன்பதுங்கா.”

“அப்ப மிச்சம்?”

“அதான் தெரியல.”

அசைந்தது பாறை என்றால், பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன்பு தட்டிப் பார்த்து அவர் சொன்ன சொல் தப்பு. பாறை இல்லை என்றால் அவர் கை வைத்தது தப்பு. இதில் எது என்று அவருக்கே உறுதியாகத் தெரியாது என்பதுதான் அன்று அவரைச் சாப்பிடவிடவில்லை. சந்தனமாரி தட்டை எடுத்து உள்ளே வைத்தாள்.

காலையில் வினோலியா பாறைக்கு ஏறி வரும்போது அவர் தூணிலிருந்து பத்தடி தள்ளி நின்றுகொண்டிருந்தார். அவள் பையை இறக்கி வைக்கும்வரை காத்திருந்தார்.

“யம்மா, நேத்து நான் சரியாச் சொல்லல. தூணைத் தொட்டது நான்தான்.”

சுண்ணாம்பு, சாந்து, தகடு, முக்கால் மணி நேரம், எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னார். ஐயம்பெருமாள் சொன்னதைச் சொல்லவில்லை. அவள் குறுக்கே பேசாமல் கேட்டாள். பிறகு தூணருகே போய்க் குனிந்து சட்டியின் அடியைப் பார்த்தாள். சுண்ணாம்புக்கு நடுவே மயிரிழைபோலச் செம்பு தெரிந்தது. நேற்று அவள் அதைப் பார்க்கவில்லை. பார்க்கத் தேவை இருந்ததில்லை. தூணுக்கு வெள்ளை அடித்தது டெக்னீசியன் என்று நினைத்திருந்தாள்.

“ஏன் எழுதல?”

“சிரிப்பியன்னு.”

“சிரிப்போமா?” அவள் குரல் உயர்ந்தது. “நாலு மாசம் அண்ணாச்சி! நாலு மாசமா ராத்திரி பகலா நான் இந்த ஒன்பது மில்லிமீட்டர வச்சுக்கிட்டு... இப்ப மீட்டிங்ல போய் என்ன சொல்ல? ஒண்ணும் நடக்கலன்னா? ஒண்ணும் நடக்கலங்கறதுக்கு எவனாவது கை தட்டுவானா?”

அவர் நின்றுகொண்டே இருந்தார். அவள் போய்ப் பாறை விளிம்பில் அந்தப் பக்கம் பார்த்து உட்கார்ந்தாள். கீழே கன்னடியன் கால்வாய்த் தண்ணீர் பாயும் வயல்கள் பச்சையாக இருந்தன. பத்து நிமிடம் ஆகியிருக்கும். திரும்பி வந்தபோது நோட்டையும் பேனாவையும் எடுத்துக்கொண்டாள்.

“என்னைக்கு? தேதி வேணும்.”

“கால்நாட்டு அன்னைக்கு. செவ்வாக்கெழமை. பத்து மணிக்கு மேல.”

“தேதி?”

“கொடை நோட்டீசுல போட்டிருக்கும். ஐயம்பெருமாள் வீட்டுல இருக்கும்.”

ஃபோன் செய்ததும் ஐயம்பெருமாள் நோட்டீசோடு தானே ஏறி வந்துவிட்டார். வந்த வேகத்தில் மூச்சு வாங்கியது. நோட்டீசை நீட்டியபடியே தூணைப் பார்த்தார்.

“தாயி, ஒண்ணு சொல்லுதேன், கோவிச்சுக்கிடாத. தகட்ட மட்டும் எடுத்துராத. வச்சத எடுத்தா குத்தம்.”

“எடுக்க மாட்டோம் அண்ணாச்சி.”

“அப்படியா?” அவர் எதிர்பார்த்து வந்த சண்டை இல்லாமல் போனது. “நெசமாவா?”

“எடுத்தா இன்னொரு தடவ எறங்கும். ஏறுனத ஒருதடவ கழிச்சுக்கிடலாம். ஏறி எறங்கி ஏறிக்கிட்டு இருந்தா அப்புறம் இந்தத் தூணு எதுக்கு? இனிமே அது அங்கனதான் இருக்கும். எங்களுக்கும் எடுத்தா குத்தந்தான்.”

ஐயம்பெருமாள் சங்கிலிபூதத்தானைப் பார்த்து, “படிச்ச பிள்ளைக்குத் தெரியுது வே,” என்றார். சங்கிலிபூதத்தான் அவரைப் போகச் சொல்லிக் கை காட்டினார். அவர் போகவில்லை. பேனல் நிழலில் உட்கார்ந்துகொண்டார்.

வேறொரு நிலையத்துக்காகக் கொண்டுபோன, உயர வித்தியாசம் பார்க்கும் லெவல் கருவி ஜீப்பில் இருந்தது. வினோலியா அதை மேலே கொண்டுவரச் செய்து முக்காலியில் பூட்டினாள். ஆன்டெனாவின் விளிம்பில் சிறிய எஃகு அளவுகோலை அவளே கிளிப் போட்டு நிறுத்தினாள். தை மாதத்து அளவுகள் மடிக்கணினியில் இருந்தன. குமிழின் மேல் அளவுக் கம்பை நிறுத்தி, கருவியில் பார்த்துப் படித்து, ஆன்டெனா அதைவிட எவ்வளவு உயரம் என்று கணக்கிட வேண்டும். தை மாதத்தை விட இப்போது எவ்வளவு கூடியிருக்கிறதோ அது தூணில் நடந்தது. ஒன்பதில் அதைக் கழித்தால் மிஞ்சுவது பாறையில் நடந்தது.

“கம்ப நான் பிடிக்கட்டா?” என்றார் சங்கிலிபூதத்தான்.

“பிடிங்க. ஆடக்கூடாது.”

முதல் குமிழில் கம்பை நிறுத்திக் கம்பிலிருந்த நீர்மட்டத்தைப் பார்த்தபடி நின்றார். மூச்சை மெதுவாக விட்டார். அவள் கருவியில் ஒரு கண்ணை வைத்து எண்ணைச் சொல்லிக்கொண்டே எழுதினாள். ஆன்டெனாப் பக்கம் திருப்பி இன்னொரு எண்ணை எழுதினாள். கழித்தாள். மறுபடி கழித்தாள்.

“எவ்வளவு?” என்றார்.

“எட்டு புள்ளி எட்டு.”

“அப்ப எல்லாம் நாந்தானா?”

அவள் அவரை நிமிர்ந்து பார்த்தாள். தப்பு தன்மேல்தானா என்று இப்படி நிம்மதியான குரலில் யாரும் கேட்டு அவள் பார்த்ததில்லை. “சாந்து நீங்க நெனச்சதவிடத் தடிப்பா விழுந்திருக்கு. ஆனா இது ஒரு குமிழுதான். மூணும் பாக்கணும். மூணுலயும் இதே அளவு வந்தாத்தான் தூணு மட்டும் ஏறுனதுன்னு சொல்ல முடியும். வேற வேறயா வந்தா பாறையும் சாஞ்சிருக்கு.”

அடுத்த குமிழுக்குப் போகும் முன் அவள் மகாராஜனுக்கு ஃபோன் செய்தாள். நிற்கும் இடத்திலிருந்தே எல்லாவற்றையும் சுருக்கமாகச் சொன்னாள். பிறகு ஃபோனைச் சங்கிலிபூதத்தானிடம் நீட்டினாள்.

“ஒங்ககிட்டப் பேசணும்ங்காரு.”

“சார்.”

“சங்கிலி, தகடு வச்சது நீங்களா? யாராவது சொல்லி வச்சீங்களா?”

குரல் வெளியே கேட்டது. ஐயம்பெருமாள் நிழலில் காலை மடக்கினார்.

“நாந்தான் சார்.”

“மயிலு எழுதுனீங்களே,” என்றார் மகாராஜன். “இத எழுதலியே.” பிறகு அதிகாரியின் குரலில், எழுத்தில் விளக்கம் தர வேண்டும், நிறுவனத்தின் கமிட்டி பார்த்து முடிவு சொல்லும், அதுவரை பெட்டிச் சாவி வினோலியாவிடம் இருக்கட்டும், தூண் பக்கம் போகக் கூடாது என்றார்.

“சரி சார்.”

சாவியைக் கொடுத்தார். சட்டைப்பை தட்டையாகிவிட்டது. வினோலியா சாவியைப் பையில் போட்டாள். கருவியைப் பார்த்தாள், கம்பைப் பார்த்தாள். டிரைவர் கீழே ஜீப்பில் தூங்கிக்கொண்டிருந்தான்.

“கம்பு பிடிக்கக் கூடாதுன்னு சார் சொல்லல,” என்றாள்.

“குமிழு தூணுப் பக்கம்லா இருக்கு?”

“ஆறடி தள்ளித்தான் இருக்கு. வாங்க.”

இரண்டாவது குமிழில் நின்றார். வெயில் ஏறிவிட்டது. பாறையின் சூடு செருப்புக்குள் வந்தது. கருவிக்கு முன்னால் காற்று நெளிவதாகச் சொல்லி அவள் இரண்டு முறை படித்தாள்.

“எட்டு புள்ளி ஏழு.”

மூன்றாவது குமிழ் பாறையின் சரிவில், தெற்குப் பக்கம். அதில்தான் அவருக்குப் பயம். சாய்வதென்றால் பாறை அந்தப் பக்கம்தான் சாய வேண்டும். கம்பை நிறுத்தி இரண்டு கைகளாலும் அணைத்துப் பிடித்தார். நீர்மட்டத்தின் குமிழி நடுவுக்கு வந்து நிற்கவில்லை.

“அண்ணாச்சி, ஆடுது.”

“இருங்க.”

முழங்கையை விலாவோடு சேர்த்து, கால்களை அகட்டி நின்றார். குவாரியில் சாரத்தில் நிற்பது போல. குமிழி நடுவில் நின்றது.

“பிடிங்க... பிடிங்க...” அவள் எழுதினாள். கருவியைத் திருப்பினாள். எழுதினாள்.

ஐயம்பெருமாள் எழுந்து வந்து அவளுக்குப் பின்னால் நின்று நோட்டை எட்டிப் பார்த்தார். “என்ன தாயி வந்துருக்கு?”

“எட்டு புள்ளி ஒன்பது.”

“அப்படின்னா?”

“மூணும் ஒண்ணுதான், புள்ளி வித்தியாசம் அளக்குறதுல வாரது. பாறை நின்ன எடத்துலதான் நிக்குது,” என்றாள் வினோலியா. நோட்டில் சித்திரை மாதத்துப் பக்கத்தைத் திறந்தாள். ‘ஓடவில்லை’ என்றிருந்த வரிக்குக் கீழே இன்றைய தேதியிட்டு எழுதச் சொல்லிப் பேனாவை அவரிடம் கொடுத்தாள். சங்கிலிபூதத்தான் கம்பைப் பாறையில் படுக்க வைத்துவிட்டு வந்து உட்கார்ந்து எழுதினார். மெதுவாக எழுதுகிறவர். தகடு, சாந்து, நேரம் மூன்றும் எழுதி, ஆட்டம் இருந்ததைச் சொல்லாமல் விட்டதையும் எழுதி, கீழே முழுப் பெயரையும் எழுதினார்.

“எழுதியாச்சு,” என்றார்.

அவள் அதைப் படம் எடுத்து மகாராஜனுக்கு அனுப்பினாள்.